இடது பக்கம், கொஞ்சம் மேலே

எங்கள் கிளப்பின் தலைவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திடலில் அவருக்குப் பின்னால் நின்று நைலான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி மெல்லிய குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"இடது பக்கம். கொஞ்சம் மேல. இப்ப வாலு நம்ம பக்கம் இருக்கு."

அவர் தலையை அசைக்கவில்லை. கையிலிருந்த ரேடியோ செட்டின் மேல் கட்டைவிரலை மட்டும் லேசாக நகர்த்தினார். மேலே அவருடைய மாடல் கிளைடர் அந்த அம்மா சொன்ன பக்கமாகத் திரும்பியது. நான் கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் வானத்தைப் பார்த்தபடிதான் இருந்தன. ஆனால் கிளைடர் இருந்த இடத்தை அவை பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரத்தில் மாடல் கிளைடர் பறக்கவிட ஒரு கிளப் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அதற்கு நான் செயலாளர். தொலைபேசி இலாகாவில் பழுது பார்க்கும் வேலை எனக்கு. தலைவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவர். என்னைவிடப் பல வயது மூத்தவர். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். பழைய டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் மாடிக்கடையில், கிளைடர் கட்டும் பால்சா கட்டைத் தகடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியர் விட்டுப்போன ரேடியோ செட்டு அந்தக் கடைக்கு விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் அதன் மேல் கண். கடைசியில் சேர்ந்தே வாங்கினோம். விற்ற கடை முதலாளித் தவுக்கேயும் எங்களோடு சேர்ந்துகொண்டார். பிறகு ஒரு மலாய் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், வொர்க்ஷாப் ஆட்கள் சிலர் வந்தார்கள். கிளப் என்று பெயர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

எங்கள் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டுவோம். மறு முனையில் நைலான் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வளையம். வளையத்தைக் கிளைடரின் வயிற்றில் இருக்கும் கொக்கியில் மாட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டால் அது பட்டம் மாதிரி ஏறும். உச்சிக்குப் போனதும் வளையம் கழன்று விழும். அதற்குப் பிறகு கிளைடருக்குக் காற்றை விட்டால் துணையில்லை. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூண் மாதிரி மேலே எழும்பும். அது கிடைத்துவிட்டால் கிளைடர் வட்டமடித்துக்கொண்டே ஏறிப்போகும். கிடைக்காவிட்டால் ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். கையில் இருக்கும் செட்டால் இடம், வலம், மேல், கீழ் என்று திருப்பலாம். அவ்வளவுதான்.

செயலாளர் என்றால் எல்லா வேலையும் என் தலையில். சங்கத்தைப் பதிய அலைந்ததும் செட்டுகளுக்கு அனுமதி எடுத்ததும் நான்தான். புல் வெட்டுவது, வெயிலில் வெடித்துப்போகும் ரப்பர் குழாயை மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. ஒரே அலைவரிசையில் இரண்டு செட்டுகளை முடுக்கிவிட்டால் இரண்டு கிளைடரும் விழுந்துவிடும். அதற்காக ஒரு பலகையில் கலர் கலராகத் துணிக் கவ்விகளைச் செருகி வைத்திருந்தேன். தன் அலைவரிசைக்கு உரிய கவ்வியைச் சட்டையில் மாட்டிக்கொள்ளாமல் யாரும் செட்டைத் தொடக்கூடாது. அந்த ஒரு விசயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

திடல் கிடைத்தது அக்காவால்தான். செமோர் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். அவருடைய அண்ணன் அந்தத் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். நாங்கள் போன காலத்தில் பாதித் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டிருந்தார்கள். இளவட்டங்கள் எல்லாம் ஈப்போ ஃபேக்டரிகளுக்குப் போய்விட்டதால் பந்து விளையாட ஆளில்லாமல் திடல் சும்மா கிடந்தது. கிராணி, தோட்டத்து மேனேஜரான துரையிடம் பேசி ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே பறக்கவிட அனுமதி வாங்கிக் கொடுத்தார். லயத்து ஜனங்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்று மட்டும் என்னிடம் சொன்னார். "என் பேர்ல குடுத்திருக்காங்க. பாத்துக்குங்க தம்பி" என்றார்.

எங்கள் தலைவர் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். எங்கள் கிளப்பின் கிளைடருக்குப் படம் வரைந்தவர் அவர்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் கட்டினோம். அவர் கட்டிய கிளைடரின் சிறகைத் தட்டிப் பார்த்தால் பறையின் தோல் மாதிரி விண்ணென்று இருக்கும். பறக்கவிடுவதிலும் அவருக்கு இணை எங்களில் யாருமில்லை. நாங்கள் காற்று எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது அவர் சிகரெட்டை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு நேரே அதில் கொண்டுபோய் விடுவார்.

மனைவியிடமும் அவர் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. முதல் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேரே தங்கள் காரில், எங்கள் பேச்சில் காடியில், வருவார்கள். அக்கா ஃபிளாஸ்க்கையும் சார்டின் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவார். மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். புறப்படும் நேரத்தில் அண்ணன் ஹார்ன் அடிப்பார், அக்கா எழுந்து வருவார். அவர்களுக்கு ஒரே மகள். அவள் கோலாலம்பூரில் தாதிப் பயிற்சிக்குப் போனபிறகு வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் சில சமயம் நினைத்ததுண்டு.

ஒரு மழைக்காலம் முடிந்து நாங்கள் மறுபடி திடலுக்கு வந்தபோது அக்கா மரத்தடியில் உட்காரவில்லை. அண்ணனின் தோளோடு தோள் உரச நின்றார். அவர் பறக்கவிடும் நேரம் முழுக்க அப்படியே நின்றார். அடுத்த வாரமும் அப்படித்தான். தவுக்கே சிரித்துக்கொண்டே, "வயசான பிறகு ஹனிமூன் லா" என்றார். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு லயத்துப் பைப்பில் அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அண்ணனுக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. "கிட்டக்க தெரியுது. மேல போனா தெரியல. கறுப்பு நூலு மாதிரி என்னமோ ஓடுதாம்."

"எப்பத்துல இருந்து?"

"இனிப்பு நீரு அவருக்கு ரொம்ப வருசமா இருக்கு தம்பி. மருந்து ஒழுங்கா எடுத்தாத்தானே? கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கோலாலம்பூர்ல பெரிய ஆஸ்பத்திரியில லேசர் வச்சு சுடுவாங்களாம். தேதி குடுத்திருக்காங்க."

"அதுவரைக்கும் பறக்க விடாம இருக்கலாமே அக்கா."

"நீங்க சொல்லிப் பாருங்க." கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப வேணாம் தம்பி. ஆபீசுல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. படம் வரையறவருக்குக் கண்ணு போச்சுன்னா வச்சிருப்பாங்களா? கோலாலம்பூர் போயிட்டு வரட்டும்" என்றார்.

சரி என்றேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வானத்தில் வேறு கிளைடர் இல்லாதபோதுதான் அண்ணன் பறக்கவிட வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டார். அதன்பிறகு காலையில் முதல் ஆளாக அவர்தான் விடுவார். அவர் இறக்கிய பிறகுதான் மற்றவர்களுக்குக் கவ்வி கொடுப்பேன். தலைவருக்கு மரியாதை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதங்களில் அவர்கள் இரண்டு பேரையும் நான் நிறையக் கவனித்தேன். செட்டைக் கையால் தொட்டறியாத அக்கா, கிளைடர் எப்போது சாய்கிறது, எப்போது மூக்கைத் தூக்குகிறது, எப்போது காற்றில் ஏறத் தொடங்குகிறது என்பதை எல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுச் சொல்வதில்லை. அண்ணன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். "வலது சிறகு தூக்குது. ஆங், அப்படியே விடுங்க. ஏறுது." அண்ணன் "ம்" என்பார். ஒரு நாள் கிளைடரைத் தன் காலடிக்கருகில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, செட்டை அணைத்தபடி, "நல்லா சொன்ன" என்றார். அக்கா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன்.

கோலாலம்பூர் போய்வந்தார்கள். அண்ணன் ஒரு கண்ணில் கட்டோடு திரும்பினார். சில வாரங்கள் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தைப்பிங்கிலும் பினாங்கிலும் கிளைடர் விடுகிறவர்களை எங்கள் திடலுக்கு அழைப்பது என்று கிளப்பில் முடிவானது. யோசனை அண்ணனுடையது. அக்கா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். தலைவர் என்ற முறையில் அவர்தான் முதலில் விட வேண்டும் என்று எல்லாரும் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. நான் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அன்னிக்கு நீங்க விட வேணாமே. வந்தவங்கள விடச் சொல்லலாம்" என்றேன். அவர் என் தோளில் தட்டி, "நீ தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் ஏற்பாடு பண்ணு லா" என்று மட்டும் சொன்னார்.

அன்று நல்ல வெயில். லயத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு திடல் ஓரத்தில் கூடிவிட்டார்கள். கிராணியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விருந்தாளிகளோடு கைகுலுக்கினார். அண்ணன் கிளைடரை ஏற்றினார். வளையம் கழன்றது. அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காற்று கிடைத்து, கிளைடர் வட்டமடித்து ஏறத் தொடங்கியது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

திடலின் அந்தப் பக்கம் மலாய் வாத்தியார் தன் கிளைடரைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு நின்றார். காற்று நன்றாக இருக்கும்போது இன்னொரு கிளைடரையும் அதிலேயே விடுவது எல்லாரும் செய்வதுதான். அவருடைய கவ்வி வேறு நிறம், அதனால் அவர் விதியை மீறவில்லை. அவருக்கு விசயம் தெரியாது. நான் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். பாதித் திடலைத் தாண்டுவதற்குள் அவர் விட்டுவிட்டார்.

இரண்டு கிளைடரும் ஒரே வட்டத்தில் சுற்றின. இரண்டும் ஒரே படத்தைப் பார்த்துக் கட்டியவை. கீழிருந்து வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாச் சிறகும் கறுப்புதான். எது அண்ணனுடையது என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. அக்காவின் குரல் உயர்ந்தது. அதுவரை அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

"வலது பக்கம் சாயுது. நேராக்குங்க. இன்னும், இன்னும். இல்ல, இருங்க, இருங்க."

அவர் சொன்னது வாத்தியாரின் கிளைடரைப் பார்த்து. சரியாகவே போய்க்கொண்டிருந்த தன் கிளைடரை அண்ணன் இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். அது கவிழ்ந்து மூக்கைக் கீழே போட்டது. விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. திடலைத் தாண்டி லயத்துப் பக்கம் இறங்கியது. கூட்டத்தில் யாரோ "தள்ளிப் போங்க" என்று கத்தினார்கள்.

கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர், எங்களைப் பார்க்கக்கூட வராதவர். சத்தம் கேட்டு நிமிர்ந்திருக்கிறார். கிளைடர் அவருடைய தோளில் அடித்து இரண்டாக முறிந்தது. நாங்கள் ஓடிப்போனபோது அவர் ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று எங்களைக் கேட்டார். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது.

தவுக்கேயின் காடியில் அவரை ஏற்றினோம். அக்காவும் ஏறிக்கொண்டு அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். காடி புறப்பட்ட பிறகு நான் திரும்பிப் பார்த்தேன். திடலின் நடுவில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். செட்டு இன்னும் கையில் இருந்தது. கட்டைவிரல் இன்னும் அதன் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்க விழுந்துச்சு?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "யாராச்சும் சொல்லுங்களேன். எங்க விழுந்துச்சு?"

சுற்றிலும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிடத்தில் திடலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் போய் அவர் கையிலிருந்து செட்டை வாங்கி அணைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கிராணி தன் தங்கையிடம், என்ன நடந்தது என்று கேட்டார். "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார் அக்கா. கிராணிக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். அக்காவும் திரும்ப அதையேதான் சொன்னார்.

அடுத்த வாரம் தவுக்கேயின் கடை மாடியில் நாங்கள் கூடினோம். மலாய் வாத்தியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தனக்கு முன்பே தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று மலாயில் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. பேச்சு அதிகம் நடக்கவில்லை. இனி அண்ணன் பறக்கவிடக் கூடாது, அவ்வளவுதான் முடிவு. தலைவராக இருக்கட்டும், வந்து உட்காரட்டும், செட்டை மட்டும் தொடக்கூடாது. யார் போய்ச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, எல்லாரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். செயலாளர் நான்.

அண்ணன் வீடு சிம்பாங் பூலாயில். கல்லுடைக்கும் மலையிலிருந்து வரும் தூசி அந்தப் பகுதியில் எல்லா வீட்டுக் கூரையிலும் படிந்திருக்கும். மாலையில் மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். என் மோட்டார் சத்தம் அவருக்குத் தெரியும்.

"வா. பசியாறிட்டியா?"

"ஆச்சு அண்ணே."

"செயலாளரா வந்தியா, தம்பியா வந்தியா?"

ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். "செயலாளரா வந்தேன் அண்ணே."

"அப்ப சொல்லு."

சொன்னேன். உள்ளே அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"சரி" என்றார் அண்ணன். "விட வேணாம்னா விடல." பிறகு, "அந்தப் பொம்பளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கட்டுப் போட்டிருக்காங்க. அவங்க மரத்து நிரையில இப்ப அவங்க தங்கச்சி பால் வெட்டுறாங்க."

"கையைத் தூக்க முடியுமான்னு பாத்துக்கோ."

அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்துவிட்டு எழுந்தேன். அண்ணன் வாசல் கேட்டுவரை வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கிளப்புக்கு வரவே இல்லை. தலைவராக இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

திடலும் எங்களுக்கு நிலைக்கவில்லை. கிராணி ஒரு நாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றார். "எப்படியும் இன்னும் கொஞ்ச நாள்தான் தம்பி. நெலத்த வீடு கட்டுறவங்களுக்குக் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. லயத்து ஆளுங்களே எங்க போறதுன்னு தெரியாம இருக்காங்க. உங்களுக்கு வேற திடல் கிடைச்சிரும்." அவருடைய குரலில் கோபம் இல்லை. தங்கை வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எலும்பு கூடியது, ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பால் வெட்டை விட்டுவிட்டுத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினார். தோட்டம் கைமாறியபோது அந்த வேலையும் போனது. அக்கா மாதம் தவறாமல் பஸ் ஏறிப்போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார் என்று கிராணிதான் என்னிடம் சொன்னார்.

கிளப்பை ஒரு பழைய ஈயச் சுரங்கத்து மணல் காட்டுக்கு, லம்பம் என்போம், மாற்றினோம். மணல் சூடாகும், அதனால் காற்று பலமாக எழும்பும். ஆனால் நாலு பக்கமும் தோண்டிப் போட்ட குட்டைகள். தவறி விழுந்த கிளைடரை எடுக்க முடியாது. ஒன்றொன்றாகத் தண்ணீரில் போயின. போனவர்கள் மறுபடி கட்டவில்லை. முதலில் வொர்க்ஷாப் ஆட்கள் வருவதை நிறுத்தினார்கள். வாத்தியார் கிளந்தானுக்கு மாற்றலாகிப் போனார். நான் ஞாயிறு தவறாமல் போய் ரப்பர் குழாயை விரித்து, கவ்விப் பலகையை ஊன்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் வராத நாளில் என் கிளைடரைக்கூட ஏற்றத் தோன்றாது. ஒரு நாள் தவுக்கே பக்கத்தில் வந்து நின்று, "போதும் லா. நீயும் நானும் மட்டும் இருந்தா கிளப்பா இது?" என்றார். அன்றைக்கே பலகையைப் பிடுங்கிக் காடியில் போட்டோம்.

அண்ணனை ஆபீசில் மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து மற்ற கண்ணும் போயிற்று. பிறகு காலில் புண், பிறகு சிறுநீரகம். நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவார், கிளைடரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். நான் ஒரு தடவை லம்பத்துக் காற்றைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "வேலை எப்படிப் போவுது?" என்று கேட்டார். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

வீட்டில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைப்பார். அண்ணன் கையால் தடவிப் பார்த்துச் சாப்பிடுவார். மீன் எங்கே, கீரை எங்கே என்று அக்கா சொல்லலாம். சொல்லமாட்டார். அவரும் கேட்கமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு தவக்காலத்தில் அண்ணன் இறந்தார். அடக்கத்துக்குக் கிளப்பிலிருந்து நானும் தவுக்கேயும்தான் போனோம். கிராணி ஓர் ஓரமாக நின்று அழுதார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அக்கா என்னை உட்காரச் சொன்னார். மகள் வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னறை உத்தரத்தில் அண்ணனின் கிளைடர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். கிளப் இல்லையே அக்கா என்றேன். "அப்ப சந்துப் பிள்ளைங்ககிட்ட குடுத்திருறேன்" என்றார். பிறகு அப்படியே கொடுத்தார். ஒரே சாயங்காலத்தில் எல்லாம் முறிந்து சாக்கடையில் கிடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பூசை நாளன்று புறப்படுவதற்கு முன் நான்தான் கேட்டேன். பல வருடமாகக் கேட்க நினைத்தது.

"அன்னிக்கு நான் வந்து அண்ணன்கிட்ட சொன்னதுல உங்களுக்கு வருத்தமா அக்கா?"

"அது சொல்ல வேண்டியதுதானே தம்பி. ஒரு பொம்பளை கை போயிருச்சு." தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "நான்தான் முன்னமே நிப்பாட்டியிருக்கணும். நான் மாட்டேன்னு சொன்னா அவரால விட முடியுமா? என் வாயைத்தானே நம்பி நின்னாரு."

"அவருக்கு ஆசையா இருந்துச்சு. அதனாலதானே போனீங்க."

"அவருக்காக மட்டும் போகல தம்பி." குரல் தாழ்ந்தது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு என்னோட பேச்சைக் காது குடுத்துக் கேட்டதில்ல. கெட்ட மனுசன் இல்ல. அடிச்சதில்ல, குடிச்சதில்ல. பேச மாட்டாரு, அவ்வளவுதான். அந்தத் திடல்ல மட்டும் நான் சொன்னா கேப்பாரு. இடதுன்னா இடது. மேலன்னா மேல. வாரம் முழுக்க நான் ஞாயித்துக்கெழமைக்குக் காத்துக்கிட்டு இருப்பேன். அதனாலதான் உங்களைப் பொறுக்கச் சொன்னேன். ஆபீசு கீபீசுன்னு சொன்னதெல்லாம் அப்புறம்."

நான் பின்னறையில் தொங்கிய கிளைடர்களைப் பார்த்தேன்.

"நீங்க வந்து சொல்லிட்டுப் போனதுக்கு அப்புறம் வீட்டுல பேச்சே இல்ல" என்றார். "கண்ணு முழுசாப் போன பிறகாச்சும் எங்க இருக்கு, என்ன இருக்குன்னு கேப்பாருன்னு நெனச்சேன். கேக்கவே இல்ல. நானா சொன்னா, தெரியும்னுருவாரு. மாத்திச் சொல்லிருவேன்னு பயந்தாரோ என்னமோ."

"அப்படி நெனச்சிருக்க மாட்டாரு அக்கா."

"அப்படி நெனச்சாரான்னு நான் அவருகிட்ட கேக்கல. கேட்டிருக்கலாம்." மகள் எட்டிப் பார்த்தாள். அக்கா எழுந்து, "பலகாரம் கொண்டுபோங்க. வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடுங்க" என்றார்.

சிம்பாங் பூலாய் வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் மகளோடு கோலாலம்பூர் போனார். மேடான் கிட் பஸ் நிலையத்துக்கு நான் வேலைக்கு நடுவில் போய்ப் பெட்டிகளை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, தோளில் அடிபட்ட அந்த அம்மா இப்போது செமோர் பக்கத்துக் கம்பத்தில், ஒரு மலாய்க் கிராமத்தில், வாடகை அறையில் இருப்பதாகவும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கும்படியும் சொன்னார். சரி என்றேன். டிரைவர் ஏறிக் கதவைச் சாத்தினார். பஸ் நிலையத்தை விட்டு வெளியேறும்வரை நின்று பார்த்தேன். பிறகு மோட்டாரை எடுத்துக்கொண்டு, பாதியில் விட்டுவந்த தொலைபேசிக் கம்பத்துக்குத் திரும்பினேன்.